மூன்றாம் ஓலைக்கு முந்தைய வாரம்

1

உயிரோடிருக்கும் ஒருவர் செய்யாத ஒரு செயலை, அதுவும் நல்ல செயலை, அவர் செய்ததாகக் கதையில் எழுதினால், அது அவருக்குச் செய்த மரியாதையா, அவரிடமிருந்து எதையோ பறித்துக்கொண்டதா? இந்தக் கேள்வியை நானாகத் தேடிப் போகவில்லை. கிவிப்பழ அறுவடை மும்முரமாக இருந்த ஒரு திங்கட்கிழமை, மதிய உணவு இடைவேளையில், அது தொலைபேசி வழியாக என்னைத் தேடி வந்தது.

நியூசிலாந்தின் வடக்குத் தீவில் ஒரு கடலோரச் சிற்றூரில் இருக்கிறேன். பழங்களைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் கூடத்தில் வேலை. மனைவி ரீட்டா முதியோர் இல்லமொன்றில் செவிலி. அவளுடைய விசாவைப் பிடித்துக்கொண்டுதான் நானும் மகள் இனியாவும் வந்தோம். நான் சமூகப்பணியில் முதுகலை படித்தவன். அந்தப் பட்டம் இந்த நாட்டில் செல்லுமா என்பதை ஓர் அலுவலகம் இரண்டு ஆண்டுகளாகப் பரிசீலித்து வருகிறது. அதுவரை பழம் பிரிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கதை எழுதுகிறேன். இதுவரை ஐந்து கதைகள் சிற்றிதழ்களில் வந்திருக்கின்றன.

அழைத்தவள் என் அக்கா சகாயம். காரைக்குடியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். அமராவதிபுதூருக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரிலிருந்து காலைப் பேருந்தில் போவாள். எனக்கு மதியம் ஒரு மணி, அவளுக்குக் காலை ஆறரை. பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம்.

"டேய் அருளு, வேலையில இருக்கியா?"

"சாப்பாட்டு நேரந்தான். சொல்லுக்கா."

"ஒண்ணு கேக்குறேன், மழுப்பாமச் சொல்லு. ஒன் கதையில ஒருத்தி, ஸ்டெல்லான்னு, ரெண்டாம் ஓலை முடிஞ்சு சாமியார் பங்களாவுக்குப் போறாளே. அது யாரு?"

"அது கதைக்கா."

"கதைன்னு எனக்குத் தெரியாதா? யாருன்னுல்ல கேட்டேன்."

பின்னால் பேருந்தின் ஒலிப்பான் கேட்டது.

"நெனச்சேன்," என்றாள். "லில்லி டீச்சரும் அதத்தான் நெனச்சிருக்காக."

அழைப்பு முடிந்தது. லில்லி டீச்சர் என்பவர் அக்காவுக்கு நிச்சயமாகியிருந்த மாப்பிள்ளையின் மூத்த சகோதரி.

2

எங்கள் வழக்கத்தை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கத்தோலிக்கக் குடும்பங்களில் திருமணம் நிச்சயமானதும், மூன்று ஞாயிறுகளில் திருப்பலி முடியும் தறுவாயில், பங்குத்தந்தை மணமக்களின் பெயர், பெற்றோர் பெயர், ஊர் ஆகியவற்றை வாசிப்பார். இதை ஓலை வாசிப்பது என்போம். இப்போது வாசிப்பது கணினியில் அச்சிட்ட தாள்தான்; சொல் மட்டும் பழையது. ஒவ்வொரு முறையும் கடைசியில் ஒரு வாக்கியம் வரும்: இவர்களுக்கிடையே திருமணத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு இரண்டு மூன்று நொடிகள் கோயில் பேசாமல் இருக்கும். சிறு வயதில் அந்த நொடிகளில் யாராவது எழுந்து நிற்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். ஒருவரும் எழுந்ததில்லை.

ஆறு ஆண்டுகளுக்கு முன் அக்காவுக்கு வேறொரு வரன் அமைந்து இரண்டு ஓலைகள் வாசிக்கப்பட்டன. மூன்றாம் ஓலைக்கு முந்தைய வியாழக்கிழமை மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒருவர் வந்து, இது சரிப்படாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். காரணம் சொல்லவில்லை. சில மாதங்களில் அந்த மாப்பிள்ளைக்கு அரசு வேலையிலிருந்த ஒரு பெண்ணோடு திருமணம் நடந்தது என்று கேள்விப்பட்டோம். அந்த மூன்றாம் ஞாயிறு வீட்டில் அனைவரும் கோயிலுக்குப் போனோம். அறிவிப்புகள் வாசிக்கப்பட்டன. அக்காவின் பெயர் இல்லை. பெண்கள் பக்கத்தில் நான்காவது வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். எத்தனை தலைகள் அந்தப் பக்கம் திரும்பின என்பதை அப்பாவின் அருகிலிருந்து நான் பார்த்தேன்.

அழைப்பிதழ்கள் ஏற்கெனவே அச்சாகி வந்திருந்தன. அவற்றை எரித்துவிடச் சொன்னாள் அம்மா. அக்கா எரிக்கவில்லை. மாலை வேளைகளில் அவள் ஊர்ப்பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பாள். அந்த அட்டைகளை எடுத்து, வெற்றாக இருந்த பின்பக்கத்தில் கணக்குப் போடச் சொல்லிப் பிள்ளைகளிடம் கொடுத்தாள். ஓராண்டு முழுவதும் எங்கள் ஊரில் பாதி வீடுகளுக்கு அந்த அட்டைகள் போயின. ஒரு பக்கம் பொன்னெழுத்தில் அவள் பெயரும் நடக்காத திருமணத்தின் தேதியும். மறுபக்கம் ஏழாம் வாய்ப்பாடு.

இங்கே வந்து மூன்று மாதம் கழித்து இதைக் கதையாக எழுதினேன். பெயரையும் ஊரையும் மாற்றினேன். அழைப்பிதழ் அட்டைகளைப் பற்றி ஒரு வரி வைத்தேன். ஆனால் கதை முடிய வேண்டும் அல்லவா? என் ஸ்டெல்லா இரண்டாம் ஓலை முடிந்த மாலை, பங்குத்தந்தை குடியிருக்கும் சாமியார் பங்களாவின் படியேறுகிறாள். தடை ஏதேனும் இருந்தால் சொல்லச் சொன்னீர்களே என்கிறாள். தடை இருக்கிறது சாமி, அது நான்தான் என்கிறாள். கதை அங்கே முடிகிறது. இதழாசிரியர் அந்தக் கடைசி வரியைத் தனியாகப் பாராட்டி எழுதினார். நானும் பல நாள் அந்த வரியை எண்ணி மகிழ்ந்திருக்கிறேன்.

3

அந்தக் கதை அச்சாகி இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிறது. அப்பாவைத் தவிர ஊரில் ஒருவரும் படித்ததாகத் தெரியவில்லை. சிற்றிதழ் வாசகர்கள் எங்கள் பக்கம் மிகக் குறைவு. அது ஏன் இப்போது லில்லி டீச்சரின் கைக்குப் போனது என்பதை அன்று மாலையே அறிந்துகொண்டேன். முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமை. அக்காவுக்கும் திருப்பத்தூர் அமலனுக்கும் இரண்டாம் ஓலை வாசிக்கப்பட்டது. மத்தியானம் அப்பா அந்தக் கதையின் இணைப்பைப் பங்கு மக்களின் வாட்ஸப் குழுவில் போட்டிருக்கிறார். அங்கிருந்து அது எப்படியோ திருப்பத்தூருக்குப் போயிருக்கிறது.

அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அளந்து பேசுபவர்.

"அப்பா, அந்தக் கதைய எதுக்குக் குரூப்புல போட்டீக?"

"ஏன், நல்ல கதைதானப்பா. எம்மகன் எழுதுனதுன்னு போட்டேன்."

"ரெண்டு வருசமாப் போடாதவுக, சரியா இந்த ஞாயித்துக்கெழமைதான் போடணுமா?"



"அருளு, நீ அங்குட்டுப் போயிட்ட. நான் இங்குட்டுத்தான இருக்கேன். ஆறு வருசமா அந்தக் கோயிலுக்குள்ள எப்படிப் போயிட்டு வர்றேன்னு உனக்குத் தெரியாது. அவுக வேணாம்னு சொன்னாகன்னுதான் ஊரே பேசுச்சு. நீ மாத்தி எழுதியிருக்க. நம்ம பிள்ளதான் வேணாம்னு சொல்லுச்சுன்னு. படிக்கட்டுமே."

"அது நடக்கலையேப்பா."

"நடந்த மாதிரி அச்சுல வந்திருக்குல்ல."

என் கதைக்கு இதுவரை கிடைத்த வாசகர்களில் என்னை முழுமையாக நம்பியவர் அவர் ஒருவரே என்று தோன்றியது. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்பதும் உடனே தோன்றியது.

4

செவ்வாய்க்கிழமை அதே நேரத்துக்கு அக்கா மீண்டும் அழைத்தாள். லில்லி டீச்சர் சண்டை போடவில்லையாம். தமிழாசிரியை என்பதால் முதலில் கதையைப் பாராட்டினாராம். பிறகு கேட்டாராம்.

"'ஏம்மா சகாயம், நீங்களேதான் போயிச் சாமிகிட்டச் சொன்னீகளா'ன்னாக. இல்ல டீச்சர்ன்னேன். 'இல்லன்னா ஒங்க தம்பிக்கு எப்படித் தெரிஞ்சுச்சு'ன்னாக. அதுக்கு நான் என்னடா சொல்ல? 'நாளைக்கு எங்க தம்பிக்கும் மூணாம் ஓலைக்கு முன்னாடி இப்படிப் போயி நின்னீகன்னா, கார்டடிச்சு ஊரக் கூப்பிட்டுட்டு நாங்க எங்க போயி நிக்கிறது'ன்னாக. அவுக கேட்டதுல தப்பில்ல."

"அமலன் என்ன சொல்றாரு?"

"அவுக வாயே தொறக்கல. அக்கா சொல்றதுதான் அந்த வீட்டுல. அதனால நான் போயிச் சாமிகிட்டச் சொன்னேன். நெசமாவே இந்தத் தடவ பங்களாவுக்குப் போனேன், பாத்துக்க. ஒன் கதை பலிச்சிருச்சு."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

பங்குத்தந்தை இளைஞர், சென்ற ஆண்டுதான் மாற்றலாகி வந்தவர். பழைய கதை அவருக்குத் தெரியாது. எழுதியவனே எது உண்மை, எது கற்பனை என்று எழுதித் தரட்டும், சனிக்கிழமை இரு வீட்டாரையும் வைத்து வாசித்துவிட்டு ஞாயிறு ஓலையை வாசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். லில்லி டீச்சர் ஒன்றைச் சேர்த்திருக்கிறார்: வாட்ஸப்பில் யார் வேண்டுமானாலும் எதையும் எழுதி அனுப்பலாம், முறையான சான்றொப்பத்தோடு வரட்டும்.

எழுதி அனுப்ப நான்கு நாட்கள் இருந்தன. அக்காவுக்கு முப்பத்து நான்கு வயது. இந்த வரனுக்கு முன் எத்தனை பேர் வந்து காப்பி குடித்துவிட்டுப் போனார்கள் என்பது எனக்குத் தெரியும். இரண்டாம் முறையும் இரண்டாம் ஓலையோடு நின்றால் ஊர் அதற்குக் காரணம் தேடிக்கொண்டிருக்காது. காரணத்தைத்தான் நானே அச்சில் கொடுத்து வைத்திருக்கிறேனே.

5

பழம் பிரிக்கும் வேலையில் கைக்குத்தான் அவசரம். மனத்துக்கு எட்டு மணி நேரமும் ஓய்வுதான். உருளைகளின் மேல் பழங்கள் ஓடி வரும். வடிவம் கெட்டதையும் தோலில் வடு விழுந்ததையும் எடுத்துப் போட வேண்டும். அந்த இரண்டு நாட்களும் என் ஐந்து கதைகளையும் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போதுதான் கவனித்தேன்: ஐந்தின் முடிவிலும் யாரோ ஒருவர் எழுந்து நின்று பேசுகிறார். ஒன்றில் செங்கல் சூளைத் தொழிலாளி, ஒன்றில் மாணவி, ஒன்றில் ஸ்டெல்லா. ஆள் மாறினாலும் எழுந்து நிற்பது மாறவில்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்தது. முதுகலை படித்தபோது திருப்பத்தூரைச் சுற்றிய கிராமங்களுக்குக் களப்பணிக்குப் போவோம். ஒவ்வொரு குடும்பத்தைப் பற்றியும் அறிக்கை எழுத வேண்டும். படிவத்தின் கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'ஏற்பட்ட மாற்றம்'. அதை வெற்றாக விட்டால் மதிப்பெண் குறையும். ஒரு குடும்பத்தில் மூன்று முறை போய்ப் பேசிவிட்டு வந்தால் என்ன மாற்றம் ஏற்பட்டுவிடும்? ஆனாலும் எழுதினோம். 'தன்னம்பிக்கை பெற்றார்' என்று நான் மட்டும் ஒரு பருவத்தில் எத்தனை பேரைத் தன்னம்பிக்கை பெற வைத்தேன் என்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. கதை எழுத வந்த பிறகும் அந்தக் கட்டத்தை நிரப்பிக்கொண்டேதான் இருந்திருக்கிறேன். சமூக அக்கறை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

செவ்வாய் மாலை முதல் கடிதத்தை எழுதினேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. இலக்கியத்தில் கற்பனையின் இடம் என்ன, பாத்திரத்துக்கும் மனிதருக்கும் உள்ள தொலைவு எத்தகையது என்று விளக்கியிருந்தேன். மறுநாள் இடைவேளையில் அக்காவுக்கு வாசித்தேன்.

"இதுல நான் எங்கடா இருக்கேன்?" என்றாள். "ஒன்னயப் பத்தியே எழுதியிருக்க."

புதன் மாலை இரண்டாவதை எழுதினேன். இடையில் அப்பா அழைத்து ஒரு வேண்டுகோள் வைத்திருந்தார்: யார் நிறுத்தினார்கள் என்பதை எழுதாதே, அது மட்டும் வேண்டாம். எனவே 'இரு குடும்பத்தாரும் கலந்து பேசி அத்திருமணத்தைக் கைவிட்டனர்' என்று எழுதினேன். ஒருவரையும் புண்படுத்தாத வாக்கியம் என்று நினைத்தேன். வியாழக்கிழமை அதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"இதுவும் கதைதான். மொதக் கதையில தைரியமா இருந்தேன், இதுல நாகரிகமா இருக்கேன்."

"நடந்தத எழுதுனா லில்லி டீச்சர் வீட்டுல என்ன நெனப்பாக? பழைய மாப்பிள்ள வீட்டுல எதுக்கு வேணாம்னு சொன்னாகன்னு தோண்ட மாட்டாகளா?"

"தோண்டட்டும்."

"இந்தக் கல்யாணமும் நின்னு போச்சுன்னா?"

"நிக்கட்டும். நடந்தது எதுவோ அத நான் தாங்கிக்கிருவேன், ஆறு வருசமாத் தாங்கிக்கிட்டுத்தான இருக்கேன். நடக்காதத எதுக்குடா நான் தாங்கணும்?"

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

"நீ என்னயக் கேவலமா எழுதலடா, அதான் எனக்குக் கோவமே. கேவலமா எழுதியிருந்தா ரெண்டு அறை குடுத்துட்டுப் போயிருப்பேன். எனக்கு இல்லாத தைரியத்தப் போட்டுவிட்டிருக்க. நான் போகல. எங்கயும் போயி நிக்கல. அழுதேன், ஒரு வாரம் சோறு எறங்கல, அப்பறம் வேலைக்குப் போனேன். அது ஒனக்குப் பத்தல."

"அக்கா..."

"அந்தக் கார்டுல பிள்ளைகளக் கணக்குப் போடச் சொன்னது நான். எம்பேர ஊரெல்லாம் பாக்கட்டும்னு நாந்தான் குடுத்தேன். மொதப் பிள்ள கார்டத் திருப்பிப் பாத்துட்டு, 'டீச்சர், இது ஒங்க பேரு'ன்னுச்சு. ஆமா, பின்னாடி எழுதுன்னேன். அத ஒரு வரியில விட்டுட்டு, போகாத எடத்துக்கு என்னயப் போக வச்சிருக்க."

அந்த முதல் பிள்ளையைப் பற்றி அதற்கு முன் அவள் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கதை எழுதிய காலத்தில் வாரத்துக்கு இரண்டு முறை அவளோடு பேசிக்கொண்டுதான் இருந்தேன். கேட்டால் வீட்டுக்குத் தெரிந்துவிடும், கதையின் சுதந்திரம் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அதைவிட எளிது. முடிவை முதலிலேயே எழுதி வைத்திருந்தேன். அவள் சொல்லப்போவது எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

வியாழன் மாலை மூன்றாவது கடிதம். ஐந்து வாக்கியங்கள். அக்கதையை எழுதியவன் நான். அதில் ஒரு பெண் தன் திருமணத்தைத் தானே நிறுத்துவதாக வருவது என் கற்பனை. என் அக்கா சகாயத்துக்கு முன்பு நிச்சயமான திருமணத்தை இரண்டாம் ஓலைக்குப் பின் மாப்பிள்ளை வீட்டார் காரணம் சொல்லாமல் நிறுத்தினார்கள். அவள் அப்போது யாரிடமும் போய் எதுவும் சொல்லவில்லை. அச்சான அழைப்பிதழ்களின் பின்பக்கத்தில் அவள் பிள்ளைகளைக் கணக்கு எழுத வைத்ததாக வருவது மட்டும் உண்மை.

ஐந்தாவது வாக்கியம் நான் எழுதியதல்ல. நான்கோடு நிறுத்தி வாசித்தபோது, "கார்டையும் சேத்துக்க" என்றாள்.

6

இந்த நாட்டில் ஆவணங்களுக்குச் சான்றொப்பம் இடுவதற்கென்று ஊர்தோறும் சிலர் நியமிக்கப்பட்டிருக்கிறார்கள். கட்டணம் வாங்க மாட்டார்கள். எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை முற்பகல் நூலகத்தின் ஒரு மூலையில், நரைத்த குட்டைமுடியோடு ஓர் அம்மையார் உட்கார்ந்திருப்பார். பட்டத்துக்காகவும் குடியிருப்பு விண்ணப்பத்துக்காகவும் நான் அவரிடம் போகாத மாதம் இல்லை. பிறப்புச் சான்று, திருமணச் சான்று, ஒவ்வொன்றின் மொழிபெயர்ப்பு. வாரநாள் முழுவதும் நான் சொல்வது உண்மை என்று கையெழுத்திட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை கதை எழுத உட்காருவது எனக்கு எப்போதும் சற்றுப் பொருந்தாமலே இருந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு வேண்டுமென்று கூடத்தின் மேற்பார்வையாளர் டெபியிடம் கேட்டேன். காரணம் கேட்டார். வரும் ஞாயிறு ஊர்க்கோயிலில் என் அக்காவின் பெயரை வாசிக்கப்போகிறார்கள், அதற்காக ஒரு தாளில் கையெழுத்து வாங்க வேண்டும் என்றேன். டெபி என் கையைப் பிடித்துக்கொண்டார். நீண்ட நாள் நோயில் இருந்தாரா என்று மெல்லக் கேட்டார். அவருக்குத் தெரிந்தவரை கோயிலில் பெயர் வாசிப்பது இறந்தவர்களுக்கு மட்டும்தான். விளக்கிச் சொல்ல முயன்றேன். திருமணத்துக்கு என்றதும் அவருக்கு இன்னும் குழம்பியது. முழுநாளும் எடுத்துக்கொள் என்றார்.

நூலகத்து அம்மையார் தாளைப் புரட்டிப் பார்த்தார்.

"எனக்கு இந்த எழுத்து தெரியாது. இதில் என்ன இருக்கிறது என்று சொல்வீர்களா?"

சொன்னேன். ஒரு கதை எழுதினேன், அதை மெய்யென்று எடுத்துக்கொண்டார்கள், நடந்தது வேறு என்று இதில் எழுதியிருக்கிறேன் என்றேன்.

"கதைகளுக்கு இப்படி வாக்குமூலம் தருவது உங்கள் ஊர் வழக்கமா?"

"இல்லை. நான்தான் முதல் ஆள் என்று நினைக்கிறேன்."

அவர் பேனாவை என் பக்கம் நகர்த்தினார். கையெழுத்திடும்போது தயங்கினேன். மூன்றாவது வாக்கியத்தின் மேல் கண் நின்றது. அது அப்பாவின் ஆறு ஆண்டுகளை மீண்டும் பழைய இடத்துக்கே கொண்டுபோய் வைக்கும். ஒரு முறை பொய் எழுதி அவருக்குக் கொடுத்ததை இப்போது மெய் எழுதித் திரும்ப வாங்குகிறேன். இதை அந்த அம்மையாரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கையெழுத்து என்னுடையது என்பதற்குத்தான் சான்று, உள்ளே இருப்பதற்கு இல்லை என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டு முத்திரை வைத்தார். நூலக வாசலிலேயே நின்று படமெடுத்துப் பங்குத்தந்தைக்கு அனுப்பினேன். மூலத்தாளை அஞ்சலில் சேர்த்தேன்.

7

சனிக்கிழமை நடந்ததை அக்கா சொல்லித்தான் அறிவேன். பங்குத்தந்தை கடிதத்தை வாசிக்கத் தொடங்கியபோது, லில்லி டீச்சர் தானே வாசிப்பதாகச் சொல்லிக் கைப்பேசியை வாங்கிக்கொண்டாராம். வகுப்பில் வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி வாசித்தாராம். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாராம்.

வாசித்து முடித்துவிட்டு லில்லி டீச்சர் கேட்டது ஒன்றே ஒன்று.

"இந்தக் கார்டு விசயம் நெசமா?"

"நெசந்தான் டீச்சர். இன்னும் ஒரு கட்டு கெடக்கு, வேணும்னா வந்து பாருங்க."

"வேணாம் வேணாம். எந்தம்பி கார்டுல மிச்சம் விழாம நான் பாத்துக்கிறேன்," என்றாராம்.

அதற்குத்தான் அமலன் முதல்முறையாக வாய் திறந்து சிரித்தார் என்றாள் அக்கா.

ஞாயிறு எங்களுக்கு மதியம் இரண்டரை மணி இருக்கும். பங்கின் நேரலையைக் கைப்பேசியில் வைத்துவிட்டு நானும் ரீட்டாவும் இனியாவும் உணவுமேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். இனியாவுக்கு ஐந்து வயது. அவளுக்கு எங்கள் ஊர் நினைவில்லை. முந்தைய ஞாயிறும் எங்களோடு பார்த்திருந்தாள். அந்த வாரம் பள்ளியில் ஒவ்வொருவராக எழுந்து வீட்டுச் செய்தி சொல்லும் வேளையில் இதைச் சொல்லியிருக்கிறாள்: அப்பாவின் ஊரில் யாராவது திருமணம் செய்துகொள்ள விரும்பினால் கோயிலில் பெயர் வாசிப்பார்கள், பிறகு எல்லாரும் ஓட்டுப் போடுவார்கள். ஆசிரியை என்னிடம் வியப்போடு விசாரித்தார். அது வேறுமாதிரி என்று விளக்கினேன். விளக்க விளக்க அவள் சொன்னதே சரி என்று எனக்குப் பட்டது.

பங்குத்தந்தை வாசித்தார். மூன்றாம் முறை என்று தெளிவாகச் சொன்னார். அக்காவின் பெயர், அப்பா அம்மாவின் பெயர், ஊர். பிறகு அந்த வாக்கியம். பிறகு அந்த நொடிகள். எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு நான் மறுபடியும், இம்முறை ஒரு சிறிய திரையில், யாராவது எழுகிறார்களா என்று பார்த்தேன். ஒருவர் இருமினார். மின்விசிறிகள் சுற்றின. ஒருவரும் எழவில்லை. எழாதது எத்தனை பெரிய செய்தியாக இருக்க முடியும் என்பதை நான் ஒரு கதையிலும் எழுதியதில்லை.

"அத்தை வின் பண்ணிட்டாங்களா டாடி?" என்றாள் இனியா.

ரீட்டா என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். "யாரும் வேண்டாம்னு சொல்லல," என்றேன். அவளுக்கு அது போதவில்லை. எழுந்து விளையாடப் போய்விட்டாள்.

8

திருமணத்துக்கு நாங்கள் போகவில்லை. குடியிருப்பு விண்ணப்பத்தோடு கடவுச்சீட்டுகள் அலுவலகத்தில் இருந்தன. அக்கா இப்போது திருப்பத்தூரில் இருக்கிறாள். அங்கிருந்து காரைக்குடிக்குப் பேருந்தில் வேலைக்குப் போய்வருகிறாள். அப்பா இரண்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. வாட்ஸப் குழுவில் போட்ட கதையை அவர் நீக்கவில்லை. இதழாசிரியருக்கு எழுதி இணையத்திலிருந்து எடுக்கச் செய்தேன். இப்போது அந்த இணைப்பைத் தொட்டால் வெற்றுப் பக்கம் வரும். நல்ல முடிவை வீணாக்கிவிட்டீர்கள் என்று ஆசிரியர் வருந்தினார்.

தெளிவு வந்துவிட்டதா என்று கேட்டால் வரவில்லை. அந்த அட்டைகளின் கதையை நடந்தபடியே எழுதலாம் என்று பலமுறை உட்கார்ந்தேன். முதல் பிள்ளையிடம் அட்டையை நீட்டும் இடம் வரை எழுதிவிடுகிறேன். அதன்பின் அவளை எழுப்பி நிற்க வைக்க மனம் துடிக்கிறது. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன். யாருக்காக எழுதுகிறேன், எழுதுவதால் என்ன மாறும் என்ற கேள்விகள் அப்படியே இருக்கின்றன. மாறவேண்டியதை நானே கடைசிப் பக்கத்தில் மாற்றி வைத்துவிட முடியாது என்பது மட்டும் தெரிந்திருக்கிறது.

இந்தக் குறிப்பை அனுப்புவதற்கு முன் அக்காவிடம் வாசித்தேன். இரண்டு பத்திகளை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன். பிறகு அப்பாவிடம் வாசித்தேன். மூன்றாம் பகுதி முடிந்ததும் போதும் என்றார்.

"அத எடுத்துரவாப்பா?"

அதற்கு அவர் சொன்னார்: "இருக்கட்டும். நான் சொன்னதுதான."

அந்த வாரத்துக்குப் பிறகு நான் கதை எதையும் அச்சுக்கு அனுப்பவில்லை. உயிரோடிருப்பவர் ஒருவரைப் பற்றி எழுதினால், முதலில் அவரிடம் கேட்கிறேன். எழுதியதை அவரிடமே வாசித்துக் காட்டுகிறேன். அப்படி எழுதி அனுப்பும் முதல் பக்கங்கள் இவை.